பொம்மைப் படம் வந்த வழி: முத்துக்குளித்துறையில் அமெரிக்கக் கார்ட்டூன்கள்

'கார்ட்டூன்' என்னும் சொல் தமிழில் இரு பொருளில் வழங்குகிறது. முதற்பொருள் தூத்துக்குடி வட்டாரத்தோடு நெருங்கிய உறவுடையது. எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 1906-இல் சென்னையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'இந்தியா' வார இதழில், அன்றைய அரசியலைக் கிண்டல் செய்யும் படங்களைத் தொடர்ந்து வெளியிட்டுத் தமிழ் இதழியலில் அந்த வடிவத்துக்கு வழி திறந்தார். இவற்றைப் பிற்காலத்தோர் கருத்துப்படம் என்றும் கேலிச்சித்திரம் என்றும் அழைத்தனர். இரண்டாம் பொருள், ஒன்றன்பின் ஒன்றாக வரையப்பட்ட ஓவியங்களை வேகமாக ஓட்டி அசைவைத் தோற்றுவிக்கும் திரைப்படத்தைக் குறிப்பது. இதற்கு அசைவூட்டப் படம், இயங்குபடம் முதலிய கலைச்சொற்கள் பின்னாளில் ஆக்கப்பட்டனவெனினும், வீடுகளில் பெரியவர்கள் சொன்ன பெயர் 'பொம்மைப் படம்' என்பதே. 'எந்நேரமும் பொம்மைப் படந்தானா?' என்ற கண்டிப்பைக் கேளாமல் வளர்ந்த பிள்ளைகள் கடந்த நாற்பதாண்டுகளில் இந்தக் கடற்கரையில் மிகச் சிலரே இருப்பர்.

இக்கட்டுரை அந்தப் பொம்மைப் படங்களின் கதைகளைப் பற்றியதன்று. அவை இங்கு வந்து சேர்ந்த வழிகளைப் பற்றியது. வேம்பாற்றிலிருந்து மணப்பாடு வரையும் அதற்கு அப்பாலும் நீளும் முத்துக்குளித்துறை, அதாவது முத்துச்சிப்பிப் பார்களை அண்டியமைந்த பரதவர் ஊர்களின் தொடர், பதினாறாம் நூற்றாண்டு முதல் அயல்நாட்டுச் சரக்கையும் சொல்லையும் கடல்வழியே பெற்றுத் தன் கைப்பக்குவத்தில் மாற்றிக்கொண்ட பகுதியாகும். ஐரோப்பியப் பெயரைத் தாங்கிய மக்ரூன், முந்திரிப் பருப்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சேர்ந்து தூத்துக்குடிப் பலகாரமாகவே ஆகிவிட்டது. அமெரிக்கக் கார்ட்டூனும் அவ்வாறே இங்கு நிலைகொண்டது என்று கூறத் தோன்றும். ஆனால் அதன் வரலாறு சற்று வேறானது. படம் ஒரு நாட்டிலிருந்தும் குரல் வேறொரு நாட்டிலிருந்தும் வந்தன. ஏறத்தாழ இருபதாண்டுகள் அந்தக் குரல் சிங்களமாகவும் இந்தியாகவும் ஆங்கிலமாகவும் இருந்தது. தமிழ் கடைசியாகவே வந்தது. இக்கரையின் கார்ட்டூன் நினைவுகளில் வசனத்தைவிடப் பாட்டின் மெட்டும் உருவங்களின் ஓட்டமும் மிகுந்து நிற்பதற்கு இதுவே காரணம்.

அமெரிக்கக் கார்ட்டூன் தொடக்கத்தில் திரையரங்குக்காக உருவானது. முதன்மைப் படத்துக்கு முன்னர் காட்டப்படும் ஏழெட்டு நிமிடத் துண்டுப்படமாக அது ஓடியதால், பார்வையாளருள் பெரியவரும் குழந்தையரும் கலந்தே இருந்தனர். தமிழகத்தில் இத்தகைய துண்டுகளைக் காண ஆங்கிலப் படம் ஓட்டும் கொட்டகைக்குச் செல்ல வேண்டியிருந்தது. தென் மாவட்டங்களில் அவ்வகையில் பெயர்பெற்றது மதுரை விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இயங்கிய ரீகல் திரையரங்கம். தூத்துக்குடியில் சார்லஸ் போன்ற பெரிய அரங்குகள் இருந்தனவாயினும் அவற்றின் பிழைப்பு தமிழ்ப்படத்தைச் சார்ந்தது. தமிழ்ப்படத்துக்கு முன்னர் ஓடியது, அரங்குகள் கட்டாயமாகக் காட்டியாக வேண்டும் என்று அரசு விதித்திருந்த திரைப்படப் பிரிவின் செய்திப் படமும் ஆவணப் படமுமே.

எனினும் அந்த அரசுப் படத்துக்குள்ளும் அமெரிக்கக் கை ஒன்று இருந்தது. பம்பாயிலிருந்த திரைப்படப் பிரிவு 1956-இல் தன் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சியளிக்க, அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின்வழி கிளேர் வீக்ஸ் என்பவரை வரவழைத்தது. இவர் இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவிலேயே பிறந்து, பின்னர் டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி', 'பீட்டர் பான்' முதலிய படங்களில் உழைத்தவர். அவருடைய வழிகாட்டலில் 1957-இல் புத்த ஜாதகக் கதையொன்றைத் தழுவி 'ஆலமர மான்' என்ற பொருள்படும் குறும்படம் உருவாயிற்று. அவரிடம் பயின்றவருள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரியான ராம் மோகன். இந்திய அசைவூட்டக் கலையின் மூத்த முன்னோடியாக இவர் பின்னாளில் மதிக்கப்பட்டார். குடும்பக் கட்டுப்பாட்டையும் சிறுசேமிப்பையும் வலியுறுத்தி அரசு எடுத்த சிறு பொம்மைப் படங்களில் டிஸ்னி முறையின் வளைவு நெளிவுகள் தென்பட்டன என்றால் அதன் வேர் இங்கேதான் இருக்கிறது. அவற்றை எவரும் ஆசையோடு நினைவுகூர்வதில்லை என்பது வேறு செய்தி; அறிவுரைக்காகவே எடுக்கப்பட்ட சிரிப்புப் படம் அறிவுரையாகவே முடியும்.

அச்சுவழி வந்த அமெரிக்க உருவங்களைப் பற்றி இங்கு நீளப் பேச வேண்டியதில்லை. தூத்துக்குடிக்கு வடமேற்கே இரண்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் உள்ள சிவகாசியில் 1972-இல் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984-இல் லயன் காமிக்ஸ் பின்தொடர்ந்தது. முத்து காமிக்ஸின் முதல் நாயகனான இரும்புக்கை மாயாவி பிரித்தானியச் சரக்கு. அமெரிக்கரான லீ ஃபாக் 1934-இலும் 1936-இலும் படைத்த மாண்ட்ரேக்கும் முகமூடி அணிந்த வேதாளனும் தமிழ் பேசி அந்த வரிசையில் இடம்பெற்றனர். இவை அசையாத படங்கள். ஆயினும் வேற்றுநாட்டு உருவம் தமிழில் பேசுவது இயல்பே என்ற எண்ணத்தை இவைதாம் முதலில் விதைத்தன. பிறகு வந்த தொலைக்காட்சி அந்த எண்ணத்தை நெடுங்காலம் பொய்ப்பித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அதன் அலை தலைநகரையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டவில்லை. அறுநூறு கிலோமீட்டர் தெற்கே இருந்த தூத்துக்குடிக்கு அது பத்திரிகைச் செய்தி மட்டுமே. இந்நிலையில் 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிய உதவியோடு இலங்கையில் 'ரூபவாகினி' என்ற அரசுத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை அலைபரப்பி, அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலையின் உச்சியில் நிறுவப்பட்டது. தென்தமிழகக் கடற்கரையில் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய முதல் தலைமுறையினருக்குத் தம் நாட்டு ஒளிபரப்பைக் காட்டிலும் அண்டை நாட்டு ஒளிபரப்பே எளிதாகக் கிடைத்தது.

இது எங்ஙனம் இயன்றது என்பதைச் சற்று விளக்குவது தகும். தொலைக்காட்சி அலை வானொலியின் சிற்றலையைப் போல வானத்தில் மோதித் திரும்புவதன்று; பெரும்பாலும் நேர்கோட்டில் சென்று, பூமியின் வளைவு மறைக்கும் இடத்தில் நின்றுவிடும் இயல்புடையது. இரண்டாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்திலிருந்து புறப்படும் அலைக்கு அந்த எல்லை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். பிதுருதலாகலையிலிருந்து தூத்துக்குடியோ சுமார் முந்நூற்றைம்பது கிலோமீட்டர் அப்பால் இருக்கிறது. ஆகவே கணக்குப்படி படம் வந்திருக்கக் கூடாது. ஆனால் நடுவில் மலையோ கட்டடமோ இல்லாத மன்னார் வளைகுடா விரிந்து கிடக்கிறது. வெயிலும் காற்றமைதியும் மிகுந்த காலங்களில் கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் வெப்பமான உலர்காற்று போர்வைபோலப் படிய, இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை அலையைக் கீழ்நோக்கி வளைத்து, குழாய்க்குள் நீர் செல்வதுபோல, தொடுவானத்துக்கும் அப்பால் கொண்டுசெல்கிறது. இதனால்தான் சில மாலைகளில் படம் கண்ணாடிபோலத் தெளிந்தும், மறுநாளே புள்ளி புள்ளியாகச் சிதறியும் வந்தது. கடலோடிகள் காற்றைப் பார்த்துத் தோணியைத் தள்ளினர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதே காற்றைப் பார்த்துப் படத்துக்காகக் காத்திருந்தனர்.

இந்த எல்லைநிலை அலையைப் பிடிக்க நீண்ட இரும்புக் குழாயும், அதன் உச்சியில் பல குறுக்குக் கம்பிகள் கொண்ட ஆன்டெனாவும், வலுக்குறைந்த அலையைப் பெருக்கும் 'பூஸ்டர்' என்ற சிறு மின்கருவியும் தேவைப்பட்டன. தென்கிழக்கு நோக்கித் திரும்பி நின்ற குழாய்கள் கடலோர ஊர்களின் கூரைகளுக்கு மேல் பாய்மரங்களைப் போல எழுந்தன. குழாயைத் திருப்ப ஒருவர் மொட்டை மாடியிலும், பெட்டியைப் பார்த்துத் தெரிகிறதா இல்லையா என்று கத்த ஒருவர் கூடத்திலும், இருவருக்கும் இடையே சேதி கடத்த ஒரு சிறுவர் படிக்கட்டிலும் நிற்பது அன்றைய வீட்டு நடைமுறை. பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பெட்டியுள்ள வீட்டின் சன்னலிலும் வாசற்படியிலும் கூடினர்.

ரூபவாகினியில் அமெரிக்கக் கார்ட்டூன்கள் சிங்கள மொழியில் ஒளிபரப்பாயின. அம்மொழியாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் புகழ்பெற்ற 'ரேகாவ' (1956) படத்தின் தொகுப்பாளராக அறியப்பட்டவர். பக்ஸ் பன்னி என்னும் அமெரிக்க முயல் இவர் கைவண்ணத்தில் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆயிற்று. 'ஹாவா' என்பது சிங்களத்தில் முயல். விலங்குகளோடு பேசும் மருத்துவர் டூலிட்டிலின் கார்ட்டூன் தொடர் 'தொஸ்தர ஹொந்த ஹித்த', அதாவது 'நல்ல மனங்கொண்ட டாக்டர்', என்ற பெயர் பெற்றது. தொட்டவத்த சொல்லுக்குச் சொல் பெயர்க்கவில்லை. சிங்கள நாட்டுப்புறக் கிண்டலையும் பாட்டையும் கலந்து, மூலத்தில் இல்லாத வேடிக்கையைச் சேர்த்தார். இலங்கையில் ஒரு தலைமுறை அந்தக் குரல்களை இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறது. தமிழ்க்கரையில் அந்தச் சொற்கள் எட்டாமல் போயின; முயலின் ஓட்டமும் வேட்டைக்காரனின் ஏமாற்றமும் மட்டும் எட்டின. சிறந்த மொழியாக்கம் ஒன்று மொழி தெரியாதவர்முன் ஓடிய வேடிக்கை இது.

மொழி முற்றிலும் தெரியாது என்று பொதுவாகச் சொல்லிவிடவும் கூடாது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணிப் போக்குவரத்து, அதாவது பெரிய மரக்கலங்களில் வெங்காயம், மிளகாய் வற்றல், ஓடு முதலிய சரக்குகளை ஏற்றிச் செல்லும் வணிகம், தலைமுறை தலைமுறையாக நடந்துவந்தது. வ. உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தை நிறுவியதும் இதே கடல்வழியை நம்பித்தான். கொழும்பில் கடையும் கிட்டங்கியும் வைத்திருந்த பரதவர் குடும்பங்கள் பல. அங்கேயே தங்கியவர்கள் 'பரதர்' என்ற பெயரில் தனிச் சமூகமாக இன்றும் வாழ்கின்றனர். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை அதற்கு முன்னரே இக்கரையின் சமையலறைகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆகவே கொழும்பில் நாள் கழித்த தாத்தாவோ மாமாவோ இருந்த வீட்டில் முயல் சொன்னதற்குப் பொருள் கேட்டுச் சிரிக்கப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு இருந்தது. அத்தகைய வீடுகள் தவிர்த்த ஏனைய இடங்களில் கார்ட்டூன் மட்டுமே மொழி தேவைப்படாத நிகழ்ச்சியாக விளங்கியது. சிங்களச் செய்தியும் சிங்கள நாடகமும் ஓடுகையில் வெளியே விளையாடிய சிறுவர், பொம்மைப் படம் தொடங்கும் இசையைக் கேட்டவுடன் உள்ளே வந்தனர்.

1983 ஜூலையில் இலங்கையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்முறைக்குப் பின்னர் இந்த உறவின் நிறம் மாறியது. அகதிகள் இராமேசுவரக் கரையில் வந்திறங்கிய அதே ஆண்டுகளில், அந்நாட்டு அரசின் செய்தி வாசிக்கப்பட்ட திரையில்தான் முயலும் ஓடியது. தமிழகத் தெருக்களில் ஈழத்தமிழருக்காக ஊர்வலம் சென்ற வீடுகளின் பிள்ளைகள் மாலையில் சிங்கள முயலைப் பார்த்துச் சிரித்தனர் என்பதை முரண்பாடு என்று பழிப்பது எளிது. குழந்தைக்கு அலைவரிசையின் உரிமையாளர் யாரென்று தெரிவதில்லை. இந்திய அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அகில இந்திய வானொலியின் தூத்துக்குடி உயர்திறன் அலைபரப்பி 200 கிலோவாட் வலுவோடு கடலுக்கு அப்பால் இலங்கை நோக்கித் தமிழ் ஒலிபரப்பியது. இராமேசுவரத்தில் பின்னாளில் 323 மீட்டர் உயரத்தில் எழுந்த தொலைக்காட்சிக் கோபுரம் நாட்டின் மிக உயரமான கோபுரமாயிற்று. பாக்கு நீரிணையின் இருபுறமும் அலைகள் எதிரெதிரே பாய்ந்துகொண்டிருந்தன.

தூர்தர்ஷன் 1984 முதல் நாடெங்கும் குறைந்த திறன் அலைபரப்பிகளை வேகமாக அமைத்ததன் பயனாகத் தென்மாவட்டங்களுக்கும் தில்லியின் படம் வந்தது. தென்கிழக்கு நோக்கிய ஆன்டெனாக் குழாய்களோடு இன்னொரு திசை நோக்கியவையும் சேர்ந்தன. 1990-களின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் தேசிய அலைவரிசை டிஸ்னியின் 'டக் டேல்ஸ்', 'டேல் ஸ்பின்' ஆகிய தொடர்களை இந்தியில் வழங்கியது. முன்னது, கார்ல் பார்க்ஸ் 1947-இல் படைத்த கஞ்சப் பெருஞ்செல்வர் ஸ்க்ரூஜ் மக்டக் என்னும் வாத்தும் அவருடைய சகோதரியின் பேரப்பிள்ளைகளும் புதையல் தேடி அலையும் கதை. பின்னது, கிப்ளிங்கின் காட்டுக் கதைகளில் வரும் பலூ என்ற கரடியைச் சரக்கு விமான ஓட்டியாக மாற்றி, பாறைச் சுவர்களால் காக்கப்பட்ட ஒரு துறைமுக நகரில் குடியேற்றிய தொடர். மத்திய இந்தியக் காட்டில் பிறந்ததாக ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய கரடி, அமெரிக்காவில் வானோடியாகி, இந்தி பேசி, இந்திக்கு எதிராக 1965-இல் கொதித்தெழுந்த தமிழ்நாட்டின் ஒரு துறைமுக ஊருக்கு வந்தது. இந்தத் தொடர்களின் தலைப்புப் பாடல்களைப் பொருள் புரியாமலே பிழையின்றிப் பாடிய தமிழ்ப் பிள்ளைகள் எண்ணற்றோர். இந்தித் திணிப்பு செய்ய முடியாததை வாத்து செய்துவிட்டது என்று சிலர் நகைப்பதுண்டு. உண்மையில் வாத்தும் செய்யவில்லை. பாட்டு மனத்தில் நின்றது, மொழி நிற்கவில்லை.

இதே காலத்தில் 'பெரிய கப்பல்' பார்த்து வளர்ந்த ஊருக்கு டேல் ஸ்பின் கூடுதல் நெருக்கம் உடையதாக இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு. தூத்துக்குடித் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பாரந்தூக்கி, கிடங்கு, சரக்குப் பெட்டி, தாமதமாகும் கப்பலுக்காகக் காத்திருக்கும் முகவர் ஆகியவை அங்குள்ள குழந்தைகளுக்குக் கதைப் பொருள்கள் அல்ல, அன்றாடக் காட்சிகள்.

செயற்கைக்கோள் ஒளிபரப்பும் கேபிள் கம்பியும் வந்த பின்னரே கார்ட்டூன் வாரம் ஒருமுறை வரும் விருந்தாக இருந்த நிலை மாறியது. 1995 மே 1 அன்று இந்தியாவில் கார்ட்டூன் நெட்வொர்க் தொடங்கியது; பகலில் கார்ட்டூனும் இரவில் பழைய ஆலிவுட் படங்களும் என ஒரே அலைவரிசையை இரண்டு நிகழ்ச்சிகள் பகிர்ந்துகொண்ட முறை 2001 வரை நீடித்தது. இங்கே கவனிக்க வேண்டிய ஒரு காலக்குழப்பம் உண்டு. அந்த அலைவரிசையின் உரிமையாளரான டெட் டர்னர் 1986-இல் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழைய படச் சேகரத்தையும், 1991-இல் ஹன்னா-பார்பெரா நிறுவனத்தையும் வாங்கியிருந்தார். அந்தச் சேகரமே அலைவரிசையின் முதல் மூலதனம். எனவே 1990-களின் தூத்துக்குடிப் பிள்ளைகள் தங்கள் காலத்துப் படமென்று நேசித்தவற்றுள் பெரும்பகுதி, அவர்களுடைய பாட்டிமார் பிள்ளைகளாக இருந்தபோது அமெரிக்கத் திரையரங்குகளில் ஓடி முடிந்தவை. 'டாம் அண்ட் ஜெரி' 1940-இல் தொடங்கியது. 'பாப்பாய்' திரைக்கு வந்தது 1933-இல். தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்ட 'ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்' கூட 1960-இல், 'ஸ்கூபி டூ' 1969-இல். பழைய பண்டத்தைப் புதிய சந்தையில் இறக்கும் வணிக உத்தி இது. பெற்றுக்கொண்டவர்களுக்கு அதில் நட்டமொன்றும் இல்லை.

இவற்றுள் டாம் என்ற பூனையும் ஜெரி என்ற எலியும் பெற்ற இடம் தனியானது. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் 1940 முதல் 1958 வரை இந்த இணையை வைத்து 114 துண்டுப்படங்கள் எடுத்து, ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்றனர். அவற்றில் பேச்சு மிகக் குறைவு. ஸ்காட் பிராட்லியின் இசை ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் தனித்தனியே எழுதப்பட்டது. டாமின் அலறல் ஹன்னாவின் சொந்தக் குரல். சிங்களமும் இந்தியும் ஆங்கிலமும் மாறிமாறிக் குறுக்கே நின்ற ஒரு கரையில், குறுக்கே எதுவும் நிற்காத படம் முதலிடம் பெற்றதில் வியப்பில்லை. மீன்வெட்டும் திண்ணைக்கருகே காத்துக் கிடக்கும் பூனையை நாள்தோறும் கண்ட வீடுகளில் அதற்கு அறிமுக உரையும் தேவைப்படவில்லை. பழைய துண்டுகளில் கால்கள் மட்டும் தெரியத் தோன்றும் கறுப்பினப் பணிப்பெண், அமெரிக்க நிறவெறியின் வார்ப்பு என்று அந்நாட்டிலேயே கடுமையாகக் கண்டிக்கப்பட்டவள். அந்த வரலாறு தெரியாத இந்தக் கரையில் அவளை வீட்டுக்காரம்மா என்று கொள்ளவே இடமிருந்தது. ஆசையோடு நினைவுகூரும்போது இதையும் விடாமல் நினைப்பதே நேர்மை.

இரண்டாயிரமாம் ஆண்டை ஒட்டிக் கார்ட்டூன் நெட்வொர்க்கில் தமிழ்க்குரலும் சேர்ந்தது. செயற்கைக்கோள் ஒரே படத்தோடு பல மொழி ஒலிகளை அனுப்ப வல்லது. அவற்றுள் எதைக் கம்பியில் விடுவது என்பதைக் கேபிள்காரரின் கட்டுப்பாட்டு அறை முடிவு செய்தது. ஆகவே ஒரு தெருவில் ஸ்கூபி டூ தமிழிலும் அடுத்த பகுதியில் ஆங்கிலத்திலும் பேசுவது நடந்தது. ஆங்கிலம் கேட்டால் பிள்ளைக்குப் படிப்பு வரும் என்று நம்பிய பெற்றோர் கேபிள்காரரிடம் மொழியை மாற்றச் சொன்னதும் உண்டு. 2004-இல் இந்தியாவுக்கு வந்த டிஸ்னி அலைவரிசை தொடக்கத்திலேயே தமிழ் ஒலியையும் கொண்டிருந்தது.

திருப்புமுனை என்று சொல்லத்தக்கது 2007 ஏப்ரலில் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி. முழுநேரமும் தமிழில் மட்டுமே பேசிய குழந்தைகள் அலைவரிசை அது. அதன் வெற்றியை ஒட்டியே தெலுங்கு, கன்னடம், மலையாள மொழிகளில் உடன்பிறப்பு அலைவரிசைகள் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன. காலமும் அதற்குத் துணைநின்றது. 2006 தேர்தலுக்குப் பின் அமைந்த மாநில அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியது. அதுவரை பிறர் வீட்டு வாசலில் நின்று பார்த்த மீனவக் குப்பங்களிலும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புகளிலும் சொந்தப் பெட்டி வந்தது. அந்தப் பெட்டியில் முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஒருத்தி டோரா.

'டோராவின் பயணங்கள்' அமெரிக்காவில் 2000-இல் நிக்கலோடியன் அலைவரிசையில் தொடங்கிய தொடர். ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு இடையிடையே ஸ்பானியச் சொற்களைக் கற்பிப்பது அதன் மூல நோக்கம்; தமிழ்ப் பதிப்பில் தமிழ் முதல்மொழியாகி, ஸ்பானியத்தின் இடத்தில் ஆங்கிலம் அமர்ந்தது. பூட்ஸ் என்ற குரங்கு 'புஜ்ஜி' ஆனது. இப்பெயர் தமிழ்நாடெங்கும் செல்லப்பெயராகவும் கேலிப்பெயராகவும் பரவியது. டோரா பார்வையாளரை நோக்கிக் கேள்வி கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருப்பவள். பெட்டிக்கு முன் அமர்ந்து உரத்த குரலில் பதில் சொன்ன குழந்தைகளுக்கு, தொலைக்காட்சி தம் மொழியில் தம்மிடம் கேட்டது அதுவே முதல்முறை. அடுத்த இடத்தைப் பெற்ற 'ஜாக்கி சான்' தொடரும் 2000-இல் அமெரிக்காவில் தொடங்கியதே. பன்னிரண்டு மந்திரத் தாயத்துகளைத் தேடும் அக்கதையின் முதியவரும் சிறுமியும் தமிழ்க்குரலில் மூலத்தைவிட வாயாடிகளாக ஒலித்தனர். இணையத்தில் இன்று உலவும் நையாண்டித் துணுக்குகளில் அந்த வசனங்கள் திரைப்பட வசனங்களுக்கு இணையாகக் கையாளப்படுகின்றன. தொட்டவத்த சிங்களத்தில் கால் நூற்றாண்டுக்கு முன் செய்ததையே சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களின் கலைஞர்கள் தமிழில் செய்தனர் என்பது மிகையாகாது. அவர்களின் பெயர்கள் மட்டும் அவர் பெயரைப் போல மக்கள் வாயில் ஏறவில்லை.

அந்தத் தமிழ் தூத்துக்குடித் தமிழ் அன்று. 'ஏலே', 'வாலே' என்று கூப்பிட்டு விளையாடிய பிள்ளைகளுக்குத் திரையிலிருந்து வந்தது சென்னைக் கூடத்தின் பொதுத் தமிழ். நடுநடுவே சென்னைத் தெருவின் வழக்குகளும் கலந்தன. அயல்மொழியின் மெட்டைப் பிசகாமல் பாடிப் பழகிய ஊருக்கு இதைப் பிடிப்பது கடினமன்று. இரண்டு மூன்று ஆண்டுகளில் கடற்கரை மணலில் விளையாடிய சிறுவர் விளையாட்டுச் சண்டையில் மட்டும் சென்னைத் தமிழுக்கு மாறி, வீட்டு வாசலில் ஏறியவுடன் நெல்லைத் தமிழுக்குத் திரும்பினர். இன்னொரு முரணையும் குறிக்கலாம்: சுட்டி டிவி உச்சத்தில் இருந்த 2008 முதல் 2012 வரையான ஆண்டுகளே தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த ஆண்டுகளும் ஆகும். 210 மெகாவாட் திறனுடைய ஐந்து அலகுகளைக் கொண்ட தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் எதிரில் தெரிய, கதையின் பாதியில் இருண்டுபோன பெட்டியை வெறித்த நினைவு அவ்வூர்த் தலைமுறைக்கே உரியது.

கார்ட்டூன் திரையில் மட்டும் தங்கவில்லை. மாவட்டத்தின் வடபகுதியிலுள்ள கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சிவகாசி அச்சகங்களில் பல வண்ணத்தில் அச்சான தீப்பெட்டிப் படங்களில் தெய்வங்கள், விலங்குகள், நடிகர்களோடு கார்ட்டூன் உருவங்களும் இடம்பெற்றன. சிறுவர் அவற்றைச் சேகரித்து, சீட்டுப்போல அடுக்கி, பந்தயம் வைத்து விளையாடினர். பள்ளி நோட்டுகளின் அட்டையிலும் தீபாவளிப் பட்டாசுப் பெட்டியிலும் மிக்கியும் டாமும் வந்தனர். உரிமை பெற்றா வந்தனர் என்று எவரும் கேட்கவில்லை. காதின் வட்டம் சற்றுக் கோணியும் மூக்கு நீண்டும் இருந்த அந்த மிக்கிகளில் உள்ளூர் ஓவியரின் கையை எளிதில் இனங்காணலாம். மழலையர் பள்ளிகளின் சுற்றுச்சுவரில் அதே கை பெரிதாக வரைந்தது. ஆகஸ்டு மாதத்துப் பனிமய மாதா திருவிழாவின் பொம்மைக் கடைகளில் பலூனாகவும் முகமூடியாகவும் அவை தொங்கின. வரலாற்றாசிரியர் கைக்கொள்ளத்தக்க சான்றுகள் இவையே. ஒளிபரப்பு காற்றோடு போயிற்று, தாளும் சுண்ணாம்பும் சிறிது காலமேனும் நின்றன.

அமெரிக்கக் கார்ட்டூனின் அந்த முதன்மை நீடிக்கவில்லை. 2008-இல் போகோ அலைவரிசையில் தொடங்கிய, ஐதராபாத் நிறுவனம் ஒன்று உருவாக்கிய 'சோட்டா பீம்' மழலையர் பள்ளிச் சுவர்களில் மிக்கிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தான். ஜப்பானிய 'டோரேமான்', 'ஷின் சான்' ஆகியவை தமிழ் பேசி வந்தன. கைபேசி வந்தபின் பெட்டிக்கு முன் கூட்டமாக அமரும் வழக்கமே குறைந்தது. சிங்கள முயலைப் பார்த்தவர்கள் இன்று ஐம்பது வயதை நெருங்கியும் கடந்தும் இருக்கின்றனர். இந்தி வாத்தைப் பார்த்தவர்களுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. டோராவுக்குப் பதில் சொன்னவர்கள் கல்லூரி முடித்துவிட்டனர்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் பழைய தீப்பெட்டிப் படங்களையோ அச்சுப் பாளங்களையோ பெட்டியில் கட்டி வைத்திருப்போரும், ரூபவாகினி நாட்களில் ஒலிநாடாவிலோ வீடியோ நாடாவிலோ எதையேனும் பதிந்து வைத்திருக்கும் கடலோரக் குடும்பத்தினரும், வீடு வெள்ளையடிக்கும்போது அவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல், அருகிலுள்ள கல்லூரி நூலகம் ஒன்றில் ஒப்படைத்து, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு சீட்டில் எழுதியும் வைப்பார்களானால் பேருதவியாக இருக்கும்.